எண்ணால் தொடுத்த மாலை
(விழாவில் ஆற்றிய உரை)

அருகன் திருவடி பணிந்து, எண்ணொன்றைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

9-ஆம் நூற்றாண்டில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த சமணப் பேரறிஞர் மகாவீராசாரியர். அவர் வடமொழியில் இயற்றிய கணிதசார சங்கிரகத்தில் 12345654321 என்னும் எண் வருகிறது. ஒன்று முதல் ஆறு வரை ஏறி, அவ்வாறே இறங்குவது அது. இருபுறமும் ஒத்தியலும் பாட்டை நாம் மாலைமாற்று என்போம். அவரும் இத்தகைய எண்கள் சிலவற்றைக் கழுத்தணி என்றே அழைத்தார்.

இது வர்க்க எண். 111111-ஐ அதனாலேயே பெருக்கினால் கிடைப்பது. 111111-இன் பகாக் காரணிகள் 3, 7, 11, 13, 37. வர்க்கத்தில் ஒவ்வொன்றும் இருமுறை வரும். ஒவ்வொரு காரணியையும் விடலாம், ஒருமுறை கொள்ளலாம், இருமுறை கொள்ளலாம். ஐந்து காரணிகளுக்கும் மும்மூன்று வழிகள். ஆகவே இவ்வெண்ணை மீதியின்றி வகுப்பவை 243. 3, 7 ஆகியவற்றின் வர்க்கங்களைப் பெருக்கினால் 441. எஞ்சியவற்றின் வர்க்கங்களைப் பெருக்கினால் 27994681. இவ்விரண்டையும் பெருக்கி இம்மாலையைத் தொடுத்தார் ஆசாரியர்.

இந்நூல் 1912-இல் சென்னையில், ரங்காச்சாரியாரின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அச்சேறியது. எனினும் நம் இல்லங்களில் எத்தனை பிள்ளைகள் ஆசாரியரின் பெயரையேனும் அறிவர்?

நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. நூலைப் பேழையில் வைத்துப் பூசித்தல் மட்டும் தானமாகாது. அதன் பொருளைப் பிள்ளைகளுக்கு உணர்த்துதலே தானம். இன்றிரவு பிள்ளைகளிடம் தாளும் எழுதுகோலும் கொடுத்து 111111-ஐ வர்க்கிக்கச் சொல்லுங்கள். மாலையை அவர்களே தொடுக்கட்டும்.

அறம் வாழ்க!