மருதம்பட்டை

கோவையிலிருந்து ஆனைகட்டி வழியாக அட்டப்பாடிக்குப் போகிறவர்கள் ஆற்றங்கரையோரம் கொஞ்சம் நின்று பாருங்கள். வெளுத்த, வழுவழுப்பான அடிமரம். பட்டை தகடு தகடாக உரியும். காய்க்கு ஐந்து இறக்கை. அதுதான் நீர்மருது. நாம் மருத மரம் என்கிறோம்.

ஐரோப்பாவில் இதயத்துக்கென்று ஹாதார்ன் என்ற முட்செடியைத் தேடுவார்கள். நமக்கு அந்த இடத்தில் இருப்பது மருதம்பட்டை. பட்டையைப் பாலில் காய்ச்சிக் குடிப்பது ஆயுர்வேதத்தில் பழைய முறை. நம் நாட்டுமருந்துக் கடையிலும் பொடியாகக் கிடைக்கும்.

மருதம்பட்டை இதயத்துக்குத் துணை. துணைதான். மருந்துக்கு மாற்று இல்லை. ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர், கர்ப்பிணிகள் யாரும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறுவது விபரீதம்.

மனசு பாரமாக இருக்கிறதா? அதற்குப் பட்டையே வேண்டாம். காலையில் அந்த மர நிழலில் மெல்ல நடங்கள். கூட ஒருவர் பேச்சுத்துணைக்கு வந்தால் இன்னும் நல்லது. ஆனைகட்டிப் பக்கம் என்றால் யானை நடமாட்டத்தை விசாரித்துவிட்டு நடங்கள்!

மரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டை உரித்தால் மரமே பட்டுப்போகும். அதைச் செய்யாதீர்கள்.

நெஞ்சு வலித்தால் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.