சபாரியும் சபரும்



உத்திரமேரூர்ப் பள்ளிப் பிள்ளைகள் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் சென்று திரும்பும்போது ‘சபாரி’ என்னும் சொல்லையும் உடன்கொண்டு வருகின்றனர். வண்டியில் அமர்ந்து சிங்கம் காண்பது என்பதே அவர்கள் அறிந்த பொருள். முந்திய தலைமுறைக்கோ அது தையற்கடைச் சொல். அலுவலர்கள் விரும்பி அணிந்த சபாரி சூட். இரண்டும் ஆங்கிலத்தின் வழி வந்தவை.

ஆங்கிலம் இதனைக் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழியிலிருந்து கடன்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்கு நெடும்பயணம் செய்த ரிச்சர்டு பர்ட்டன் அச்சொல்லைத் தம் எழுத்தில் ஆண்டார். 1909இல் அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் மேற்கொண்ட வேட்டைப் பயணம் அதனை உலகறியச் செய்தது. துப்பாக்கியும் கூடாரமும் சொல்லோடு ஒட்டிக்கொண்டது இவ்வாறுதான். சுவாகிலியில் சபாரி என்றால் பயணம்; அவ்வளவே. உறவினர் வீட்டுக்குப் புறப்படுவோர்க்கும் அதுவே சொல். ‘இந்தச் சபாரி’ என்றால் ‘இம்முறை’ என்றும் அம்மொழியில் பொருள்படும். இதில் வியப்பில்லை. ‘இரண்டு நடை தண்ணீர் எடுத்து வந்தாள்’ என்று நம் சிற்றூர்களில் கூறும்போது, நடத்தலே எண்ணிக்கையாகிவிடுகிறதன்றோ?

சபாரியைச் ‘சவாரி’ என்று எழுதுவோரும் உளர். அது பிழை. சவாரி, குதிரை ஏறியவனைக் குறிக்கும் பாரசீகச் சொல்லின் வழி வந்தது. ஆப்பிரிக்கச் சபாரியிலோ சுமைதூக்கிகள் காலால் நடந்தனர்.

சுவாகிலிக்கும் இச்சொல் கடனே. பயணத்தைக் குறிக்கும் ‘சஃபர்’ என்னும் அரபுச் சொல் அதன் மூலம். பருவக்காற்றைத் துணைக்கொண்ட வணிகக் கலங்கள் ஆப்பிரிக்கக் கரைக்கு மட்டுமா சென்றன? நம் கரைக்கும் வந்தன. நாகூர் முதலிய கடலோர ஊர்களின் இசுலாமியத் தமிழில் ‘சபர்’ என்பது பயணம். பொருளீட்டக் கடல் கடந்தவர் ‘சபராளி’. ஃபகர ஒலி தமிழில் பகரமாயிற்று. சொல்லின் பொருள் மாறவில்லை. உடன்பிறந்த சொல் வீட்டிலேயே இருக்க, ஆங்கிலம் தந்ததை அயலாரைப்போல வரவேற்றோம்.

இன்று சபாரிக்குக் ‘கானுலா’ என்கின்றனர். இனிய ஆக்கமே, சிங்கம் காண்பதற்குப் பொருந்தும். ஆனால் சுவாகிலிக் கவிதையொன்றில் ஒரு பெண் தன் கணவன் சபாரி போயிருப்பதாகக் கூறினால், அங்கே ‘கானுலா’ என்று பெயர்ப்பது அவள் துயரைக் கேலி செய்வதாகும். ‘அவர் சபருக்குப் போயிருக்கிறார்’ என்று எழுதினால் நாகூரில் எவருக்கும் உரை தேவைப்படாது.