வீட்டு மருந்துச் செலவும் நாட்டுக் கணக்கும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கூட்டம் முடிந்ததும் சேமிப்பு எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று எழுதி வைக்கிறோம். அதே மாதிரி, நாடு முழுக்க மருத்துவத்துக்கு ஒரு வருஷத்தில் எவ்வளவு செலவானது, அந்தப் பணத்தை யார் கொடுத்தது என்று சொல்லும் கணக்கு ஒன்று இருக்கிறது. அதற்குத் தேசிய சுகாதாரக் கணக்கு என்று பெயர். மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிடுகிறது.

2021-22ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். மொத்தச் செலவு சுமார் 9 லட்சத்து 4 ஆயிரம் கோடி ரூபாய். தலைக்கு 6,602 ரூபாய். ஒவ்வொரு 100 ரூபாயிலும் அரசு கொடுத்தது 48 ரூபாய். குடும்பங்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது 39 ரூபாய் 40 காசு. மிச்சம் தனியார் காப்பீடு போன்ற மற்ற வழிகளில் வந்தது. 2013-14இல் குடும்பங்களின் பங்கு 64 ரூபாயாக இருந்தது. குறைந்திருக்கிறது, சந்தோஷம்தான். ஆனாலும் தலைக்குக் கணக்குப் போட்டால் இன்னும் சுமார் 2,600 ரூபாய் வருகிறது. நாலு பேர் உள்ள வீட்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல். அதுவும் சராசரிதான். ஆபரேஷன் நடந்த வீட்டுக்கு இது எந்த மூலைக்கு?

சரி, நம்ம கையிலிருந்து போன காசு டெல்லிக்கு எப்படித் தெரியும்? அரசு செலவழித்தது பட்ஜெட் கணக்கில் இருக்கும். நாம் மருந்துக் கடையில் கொடுத்தது எந்த ஆபீஸ் கணக்கிலும் இருக்காது. அதனால் வீடு வீடாக வந்து கேட்கிறார்கள். தேசிய மாதிரி ஆய்வுக்காரர்கள் 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை சுமார் 1 லட்சத்து 14 ஆயிரம் குடும்பங்களிடம் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தால் கடந்த ஒரு வருஷச் செலவு, சேராமல் வைத்தியம் பார்த்திருந்தால் கடந்த 15 நாள் செலவு. அந்தப் பதில்களை அடிப்படையாக வைத்துத்தான் 2021-22 கணக்கில் குடும்பங்களின் பங்கையும் மதிப்பிட்டார்கள். அப்படியானால் ஒரு வீட்டின் பதில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்காகப் பேசுகிறது. வாசலில் நிற்கிற ஆண்பிள்ளை "பெருசா ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டால், மாமியாரின் சர்க்கரை மாத்திரைக்கும் பிள்ளையின் காய்ச்சலுக்கும் நீங்கள் கொடுத்த காசு கணக்கில் குறைந்துபோகும்.

இன்னொன்றும் சொல்லணும். அந்தக் கணக்கில் வராதவையும் உண்டு. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்ததால் போன கூலி வராது. கடனுக்குக் கட்டிய வட்டி வராது. படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, ராத்திரி கண்விழித்துப் பார்க்கிறோமே, அந்த உழைப்பும் வராது. வைத்தியத்துக்குக் கொடுத்த பணத்தை அளக்கத்தான் அந்தக் கணக்கு. பெண்கள் சும்மா செய்கிற வேலையை அளக்க அதில் இடம் இல்லை.

அந்தக் குறையை நம்ம நோட்டிலாவது சரிசெய்யலாம். மருத்துவச் செலவுக்கு வாங்கின கடனை "கறவை மாடு" என்று எழுதுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேண்டாம் சகோதரிகளே. மாடு என்று எழுதினால் எல்லாரும் தொழில் செய்து முன்னேறுகிற மாதிரி தெரியும். வைத்தியத்துக்குத்தான் கடன் போகிறது என்பது யாருக்கும் தெரியாது.

மூன்று காரியம் செய்வோம். மருந்துச் சீட்டையும் ரசீதையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். கணக்கெடுக்க வந்தால் வீட்டுச் செலவு தெரிந்த நீங்களே உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். உள்கடன் காரணத்தை உள்ளபடி எழுதுங்கள். வருஷக் கடைசியில் எல்லாக் குழுக்களின் நோட்டையும் சேர்த்து, மருத்துவத்துக்கு எத்தனை கடன், எவ்வளவு ரூபாய், எந்த மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்காமல் வெளியே வாங்கினோம் என்று கூட்டமைப்பு ஒரு தாளில் எழுதட்டும். யார் வீட்டு வியாதி என்று பெயர் போட வேண்டாம், தொகை போதும். அந்தத் தாளோடு கிராம சபைக்குப் போவோம். "கஷ்டமா இருக்குங்க" என்று சொன்னால் கேட்டுவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். தொகையைச் சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும்.