கோடையின் கொடைகள்

கோடை என்றால் கொடுமை என்று சொல்லிப் பழகிவிட்டோம். கத்திரி வெயிலைக் குறை கூறாத வாய் நம் நாட்டில் இல்லை. ஆயினும், கோடை என்னும் சொல்லுக்கு மிக அருகிலே கொடை என்னும் சொல்லும் நிற்கிறது. மாணவ நண்பர்களே, புதுவையிலே பிறந்து வளர்ந்த கிறித்தவன் என்ற முறையில், கோடை தரும் கொடைகள் சிலவற்றைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். அவை பெரிய செல்வங்கள் அல்ல. ஒரு நுங்கு, சிறிது காற்று, ஒரு பாய், ஒரு செபம், அவ்வளவே. ஆனால், குடும்பத்தின் அன்பும் மனிதனின் நம்பிக்கையும் இத்தகைய எளிய பொருள்களிலேதான் வேர்விடுகின்றன என்பது என் துணிபு.

கிறித்தவர்களின் தலைசிறந்த திருநாள் இயேசு உயிர்த்தெழுந்த ஈஸ்டர் திருநாள். அது மார்ச் 22க்கு முன்பும் வருவதில்லை. ஏப்ரல் 25க்குப் பின்பும் வருவதில்லை. மேலை நாடுகளில் அது பனி உருகி மலர் பூக்கும் வசந்தகாலம். நமக்கோ அது வெயிலின் வாசல். அவர்களுக்கு உயிர்ப்பை உணர்த்துவது வசந்தமலர் என்றால், நமக்கு உணர்த்துவது பனைமரம். ஏரி வற்றி, புல் கருகி, நிலம் வெடித்துக் கிடக்கும்போது பனை மட்டும் பதநீர் சுரக்கிறது, நுங்கு தருகிறது. ஈஸ்டருக்கு முந்திய குருத்தோலை ஞாயிறன்று நாங்கள் குருத்தோலையைக் கையில் ஏந்தி வலம் வருவோம். பின்னர் அதைச் சிலுவையாக முடைந்து வீட்டில் வைத்திருப்போம். அந்த ஓலையே மறு ஆண்டு எரிக்கப்பட்டுத் தவக்காலத்தின் முதல்நாள் எங்கள் நெற்றியில் சாம்பலாகிறது.

நுங்கின் இயல்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஒரு காயில் பெரும்பாலும் மூன்று கண்கள் இருக்கும். அதைத் தனியொருவன் வாங்கித் தனியே உண்பது அரிது. நாளைக்கு என்று எடுத்து வைத்தால் முற்றிப்போகும். பாலைநிலத்தில் இசுரவேல் மக்களுக்குக் கிடைத்த மன்னா என்னும் உணவும் அத்தகையதே என்று வேதநூல் சொல்கிறது. மறுநாளைக்குச் சேர்த்து வைத்தால் அது கெட்டுவிடுமாம். இன்றைக்கு உள்ளதை இன்றே பகிர்ந்து உண் என்பதே இரண்டும் கற்பிக்கும் பாடம்.

இனி, கடற்காற்று. பகலில் நிலம் விரைவில் சூடேறுகிறது. கடல் மெல்லச் சூடேறுகிறது. நிலத்தின்மேல் உள்ள காற்று வெப்பத்தால் மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று ஓடிவருகிறது. மேல்காற்று வலுத்த நாள்களில் அது வரத் தாமதமாகும். ஊரே அதற்காகக் காத்திருக்கும். வந்ததும் செல்வர், வறியர் என்று பாராமல் எல்லார் முகத்தையும் தடவிச் செல்லும்.

புதுவைக் கடற்கரைக்கு அருகே 1855இல் கட்டி முடிக்கப்பட்ட தேவதூதர்களின் அன்னை ஆலயம் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கு வந்த கப்புச்சின் துறவிகளின் பணியால் தழைத்த வழிபாட்டிடம் அது. அத்துறவிகள் அசிசி நகரத்துப் பிரான்சிஸ் அடிகளின் வழிவந்தவர்கள். அவ்வடிகள் கதிரவனையும் காற்றையும் உடன்பிறந்த சகோதரர்களாகவும், தண்ணீரைச் சகோதரியாகவும் கருதி இறைவனைப் புகழ்ந்து பாடினார். அப்பாடலைப் பாடிய காலம் ஏறத்தாழ 1225ஆம் ஆண்டு. அப்போது அவர் நோயுற்றிருந்தார். ஒளியைக் காணவும் கூசும் அளவுக்குக் கண்கள் பழுதுபட்டிருந்தன. தன் கண்ணை வருத்திய கதிரவனையே சகோதரன் என்று அழைத்தார் அவர். வசதியாக இருப்பவன் சொல்லும் நன்றி எளிது. வருந்துகிறவன் சொல்லும் நன்றியே நம்பிக்கை.

இந்த நன்றி குடும்பத்திலே எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு எங்கள் வீட்டையே சான்றாகச் சொல்வேன். திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் மொட்டை மாடியும் கொண்ட பழைய வீடு அது. மே மாதம் தேவமாதாவின் வணக்க மாதம். மாலையில் மாடித் தளத்தில் தண்ணீர் தெளித்துப் பாய் விரிப்போம். ஆயா, அதாவது என் தந்தையைப் பெற்ற பாட்டி, செபமாலையை எடுத்துக்கொண்டு வந்து நடுவில் அமர்வார். ஓர் ஆண்டு பாகப் பிரிவினை காரணமாக என் தந்தையும் சிற்றப்பாவும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஆனால், செபமாலையிலே ஒருவர் மங்கள வார்த்தை செபத்தின் முதற்பாதியைச் சொன்னால் மற்றவர்கள் பிற்பாதியைச் சொல்ல வேண்டும். ஆயா ஒருநாள் என் தந்தையைத் தொடங்கச் சொல்வார். மறுநாள் சிற்றப்பாவைத் தொடங்கச் சொல்வார். வெயிலோ இருவரையும் அறைக்குள் இருக்க விடவில்லை. பேசாத அண்ணனும் தம்பியும் நாள்தோறும் ஐம்பது முறைக்கு மேல் ஒருவருக்கொருவர் மறுமொழி சொல்ல நேர்ந்தது. மாதம் முடியுமுன் ஒரு மாலையில் சிற்றப்பா நுங்கைச் சீவி, முதல் கண்ணை அண்ணன் கையில் கொடுத்தார். இருவரும் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லாமற் போயிற்று.

ஆனால், நண்பர்களே, குடும்பம் என்பது நம் வீட்டுச் சுவரோடு முடிந்துவிடுவதன்று. புதுவை மக்கள் சம்பா கோவில் என்று வழங்கும் பேராலயத்தின் வரலாற்றை நோக்குங்கள். அங்கே முன்பிருந்த ஆலயத்தில், ஒடுக்கப்பட்ட கிறித்தவர்களைத் தனியே அமர்த்த உள்ளே ஒரு சுவர் இருந்தது. தாங்களும் ஒரே இறைவனின் மக்கள் என்று அவர்கள் முறையிட, 1745இல் அச்சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறித்தவர்கள் அதை எதிர்த்தார்கள். இச்செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். 1761இல் ஆங்கிலேயர் அந்த ஆலயத்தையே தகர்த்தனர். இன்று நாம் காண்பது 1791இல் கட்டி முடிக்கப்பட்டது. ஒரே பாயில் அமர மனமில்லாதவர்கள் ஒரே தந்தையை நோக்கிச் செபிப்பது எங்ஙனம்?

இதற்கு நேர்மாறான காட்சியை வில்லியனூரிலே காணலாம். 1877இல் நிறுவப்பட்ட லூர்து அன்னையின் திருத்தலம் அது. ஈஸ்டரை அடுத்து, வெயில் ஏறும் நாள்களில் அங்கே திருவிழா நடைபெறுகிறது. கோவிலுக்கு முன்னே திருக்குளம் ஒன்று உண்டு. கிறித்தவரோடு இந்துக்களும் வந்து அதன் படிகளில் அமர்கிறார்கள். அருகிலிருப்பவரின் சமயத்தை எவரும் கேட்பதில்லை.

இன்று பல வீடுகளில் அறைக்கு அறை குளிர்சாதனம் இருக்கிறது. கைக்குக் கை தொலைபேசி இருக்கிறது. அவற்றை நான் பழிக்கவில்லை. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் குளிர்ந்த அறை உயிர் காக்கும் உதவி. ஆயினும், அன்று வெப்பம் நம்மை ஒரே மாடிக்குத் துரத்தியது; இன்று குளிர்ச்சி நம்மை அறைதோறும் பிரித்து வைக்கிறது. அன்று வெயில் செய்த வேலையை இனி நம் மனம்தான் செய்ய வேண்டும்.

உயிர்த்த இயேசு தம் சீடர்க்குத் தோன்றியபோது நிகழ்ந்த ஒன்றை யோவான் தம் நற்செய்தியின் இறுதியில் எழுதியிருக்கிறார். இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் கிடைக்காத சீடர்களுக்காக அவர் கரையிலே நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து, வந்து உண்ணுங்கள் என்று அழைத்தார். சாவை வென்றவர் செய்த செயல், களைத்தவர்க்குக் காலை உணவு சமைத்தது! நம் கிழக்குக் கரையிலும் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையிலே கட்டிக் கிடக்கும். அந்த மீனவரையும், உச்சி வெயிலில் பனையேறுகிறவரையும், தெருவில் நுங்கு விற்கும் தாயையும் எண்ணாத கோடை இன்பம் நிறைவான இன்பம் ஆகாது.

ஆகவே, மாணவர்களே, இந்த விடுமுறையில் ஒரு மாலையேனும் தொலைபேசியை உள்ளே வைத்துவிட்டுப் பெற்றோருடனும் பாட்டனார் பாட்டியாருடனும் காற்றாட அமருங்கள். நுங்கு வாங்கினால் விலையைக் குறைத்துக் கேட்காதீர்கள். எச்சமயத்தவராயினும், உண்பதற்கு முன் ஒரு கணம் நன்றியோடு தலை தாழ்த்துங்கள். கொடுத்தவனை நினைந்து, கிடைத்ததைப் பகிர்ந்து உண்ணும் வீட்டில் எந்தக் கோடையும் கொடுமையாகாது.