தர்மம் மட்டும் போதாது, கல்லூரியில் இடம் வேண்டும்!

(வேப்பூரில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கல்விக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரமலான் வந்துவிட்டால் நம் கடை வாசல்களில் பார்வையற்றவர்களும் நடக்க இயலாதவர்களும் வந்து நிற்கிறார்கள். நாமும் கொடுக்கிறோம். அல்ஹம்துலில்லாஹ்! கொடுப்பது நன்மைதான். ஆனால் அவர்களில் ஒருவரையாவது நிறுத்தி, "தம்பி, என்ன படித்திருக்கிறாய்? மேலே ஏன் படிக்கவில்லை?" என்று கேட்டிருக்கிறோமா?

நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நீங்கள் அறிவீர்கள். கண் பார்வை இல்லாதவர். நபி (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த வேளையில் அவர் வந்தார். திருக்குர்ஆனின் 80வது அத்தியாயமான 'அபஸ' அவர் விஷயமாகவே இறங்கியது. அவர் எதற்காக வந்தார்? காசு கேட்டா வந்தார்? மார்க்கத்தைக் கற்றுக்கொள்ள வந்தார்! கல்வி தேடி வந்த பார்வையற்ற ஒருவருக்காக இறைவசனம் இறங்கியது. பிற்காலத்தில் அவர் பிலால் (ரலி) அவர்களுடன் மதீனாவின் முஅத்தின்களில் ஒருவராக இருந்தார். நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவில் தொழுகை நடத்தும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

நம் காலத்திலும் சான்று உண்டு. இளமையிலேயே பார்வையை இழந்த ஷேக் அப்துல் அஸீஸ் பின் பாஸ், 1970 முதல் 1975 வரை மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தார். 1993இல் சவூதி அரேபியாவின் தலைமை முஃப்தி ஆனார். பார்வையற்றவர் பல்கலைக்கழகத்தையே நடத்தினார். நம் ஊரிலோ பார்வையற்ற பிள்ளை பிளஸ் டூ முடித்ததும், "இவனுக்கு எதற்கு இனிமேல் படிப்பு?" என்று வீட்டில் உட்கார வைத்து விடுகிறோம்!

சகோதரர்களே! குறை எங்கே இருக்கிறது? விக் ஃபின்கெல்ஸ்டீன் என்பவர் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். தென்னாப்பிரிக்க இனவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர். பிறகு பிரிட்டனுக்கு வந்து, தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்து 1970களில் இந்தக் கேள்வியை எழுப்பினார். கால் இயங்காதது உடலின் நிலை. படிக்கட்டை மட்டும் கட்டிவிட்டுச் சாய்தளம் கட்டாமல் விட்டது சமூகத்தின் செயல். ஆகவே திருத்த வேண்டியது கட்டடத்தை, தேர்வு முறையை, நம் மனப்போக்கை என்றார்கள். இந்தச் சிந்தனையே வளர்ந்து, பல்கலைக்கழகங்களில் ஒரு தனித்துறையாக இன்று கற்பிக்கப்படுகிறது. நாளை பொறியாளராக, ஆசிரியராக, வழக்கறிஞராக வரப்போகும் நம் பிள்ளைகள் எல்லோரும் இதைப் படிக்க வேண்டும். படித்த பொறியாளன் சாய்தளம் இல்லாமல் பள்ளிவாசலுக்கு வரைபடம் போட மாட்டான்!

நாம் கேட்பது சலுகை அன்று, சட்டம் தந்த உரிமை. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் ஏற்றிருந்தது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 21 வகைகளை ஏற்றது. அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 சதவீத இடம் ஒதுக்கியது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த ஒதுக்கீடு உண்டு. ஒரு பாடப்பிரிவில் 60 இடம் என்றால் 3 இடம் இவர்களுடையது. விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரிக்கும் இந்தச் சட்டம்தான். அந்த இடங்களை நம் பகுதிப் பிள்ளைகள் கேட்டுப் பெறுகிறார்களா?

கையில் எழுத முடியாத விகாஷ் குமார் என்பவருக்குக் குடிமைப் பணித் தேர்வில் பதிலி எழுத்தர் மறுக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 40 சதவீதச் சான்று இல்லை என்பதற்காகப் பதிலி எழுத்தரை மறுக்கக் கூடாது என்றது. உரிமை இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

இனி நாம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

இளைஞர்களே! உங்கள் தெருவில் இத்தகைய பிள்ளைகள் யார் யார் என்று கணக்கெடுங்கள். அரசு மருத்துவச் சான்றும் தனித்துவ அடையாள அட்டையும் பெற்றுக் கொடுங்கள். அரசுக் கலைக் கல்லூரிகளில் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு, பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. ரிசல்ட் வந்த பிறகு சான்றிதழுக்கு அலைந்தால் ஒரு வருடம் போய்விடும்! பார்வையற்ற மாணவருக்காகத் தேர்வு எழுத முன்வாருங்கள். எழுதுபவரின் படிப்பு அவருடைய படிப்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே பள்ளி மாணவனும் இந்த நன்மையில் பங்கு பெறலாம். கணினித் திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம். அதைப் பழக்கிக் கொடுங்கள்.

வணிகப் பெருமக்களே! சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தவர்களுக்கென்றே பி.காம். வகுப்பு இருக்கிறது. அப்படிப் படித்து வரும் பிள்ளைக்கு உங்கள் கடைக் கணக்கைக் கொடுங்கள். ஒருவேளைச் சில்லறையைவிட விடுதிக் கட்டணமும் பஸ் செலவும் ஏற்பது நிலைத்து நிற்கும் தர்மம்.

திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் சென்னை புதுக்கல்லூரியும் 1951இல் தொடங்கப்பட்டன. நம் வணிகர்களின் கொடையில் எழுந்த கல்விக்கூடங்கள் அவை. அன்று நம் முன்னோர் கல்லூரி கட்டினார்கள். இன்று ஒவ்வொரு கல்லூரியிலும் சாய்தளம் இருக்கிறதா, 5 சதவீத இடம் நிரம்புகிறதா என்று கேட்பது நம் பொறுப்பு. ஜமாஅத் நிர்வாகிகள் அந்தக் கேள்வியை முதலில் தங்கள் பள்ளிவாசல் படிக்கட்டிலிருந்து தொடங்கட்டும்!

இந்தக் கல்வியாண்டில் இப்பகுதியிலிருந்து ஒரு பிள்ளையையாவது கல்லூரியில் சேர்த்தோம் என்று அடுத்த கூட்டத்தில் நீங்கள் சொல்ல வேண்டும். அதற்கு வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.