ஹன்ழலா: கசப்புக் கனி புகட்டும் படிப்பினை



அறபு நாட்டுப் பாலைவெளியில் மழையை அரிதாகக் காணும் மணலின் மீது ஒரு காட்டுக்கொடி படர்கின்றது. கொடி காய்ந்தாலும், மண்ணுள் ஆழ்ந்த அதன் வேர் உயிரோடிருந்து மீண்டும் துளிர்க்கின்றது. அறபியில் அதன் பெயர் ஹன்ழலா. தமிழில் பேய்க்குமட்டி, ஆற்றுத்தும்மட்டி என்பர்.

நாலந்தாவில் வெயில் காலத்தில் நாம் விரும்பி உண்ணும் வத்தகப்பழத்தின் நெருங்கிய இனமே இது. காயும் பச்சைக் கோடுகளுடன் சிறியதொரு வத்தகை போன்றே தோன்றும். பழுத்தால் மஞ்சளாகும். ஆனால், அதன் சதையை நாவில் வைத்தால் தாங்கவொண்ணாக் கசப்பு! அளவறிந்து கொடுத்தால் பேதி மருந்து. அளவு மீறினால் நஞ்சு.

அபூமூஸா அல்அஷ்அரீ (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸொன்று புகாரி, முஸ்லிம் ஆகிய கிரந்தங்களில் பதிவாகியுள்ளது. அதில் நபி (ஸல்) அவர்கள், அல்குர்ஆனை ஓதும் முஃமினை மணமும் சுவையுமுள்ள நாரத்தங்கனிக்கும், ஓதாத முஃமினை மணமின்றி இனிக்கும் பேரீச்சம்பழத்திற்கும் ஒப்பிட்டார்கள். ஓதும் நயவஞ்சகனை மணமிருந்தும் கசக்கும் ரைஹானுக்கும், ஓதாத நயவஞ்சகனை மணமுமற்ற, கசப்பான ஹன்ழலாவுக்கும் உவமித்தார்கள்.

சிந்தியுங்கள்! ஓதல் மணமெனில், ஈமான் சுவையாகும். மணம் தெரு வரை செல்லும். ஊரார் நமது கிராஅத்தைப் புகழ்வர். சுவையை அறிபவர் யாவர்? நம்மிடம் அமானிதம் ஒப்படைத்தவர், நமது வாக்கை நம்பிக் கடன் தந்தவர், நம்மோடு ஒரே கூரையின் கீழ் வாழ்பவர். அவர்களது நாவில் நாம் இனிக்கின்றோமா, கசக்கின்றோமா?

இக்கனியின் பெயரையே தாங்கிய ஸஹாபி ஒருவர் இருந்தார். நபியவர்களின் எழுத்தாளர்களுள் ஒருவரான ஹன்ழலா அல்உஸைதீ (ரழி) அவர்களே அவர். நபியவர்களின் சபையில் சுவர்க்கமும் நரகமும் கண்முன் நிற்பதாக உணரும் தாம், மனைவி, மக்கள், தொழில் என வீடு திரும்பியதும் பலவற்றை மறந்துவிடுவதை எண்ணி, தாம் நயவஞ்சகனாகி விட்டதாகவே அஞ்சினார். அபூபக்ர் (ரழி) அவர்களும் தமது நிலையும் அவ்வாறே என்றார்கள். இருவரும் நபியவர்களிடம் முறையிட்டபோது, உள்ளத்திற்கு அதற்கதற்குரிய நேரங்கள் உண்டென அவர்கள் ஆறுதலளித்தார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

அவரது பெயர் கசப்பு. அவரது அச்சமோ ஈமானின் இனிமை. தன்னில் நயவஞ்சகம் புகுந்ததோ என அஞ்சுபவனே முஃமின். அஞ்சாது நிம்மதியாக உறங்குபவனுக்கே ஆபத்து.

சகோதர சகோதரிகளே! பாலைவனத்துக் கொடியால் தன் சுவையை மாற்றிக்கொள்ள இயலாது. மனிதனுக்கோ தௌபாவின் வாசல் திறந்திருக்கின்றது. இன்றிரவு குர்ஆனைத் திறந்து ஒரு பக்கமேனும் ஓதுங்கள்; விடிந்ததும் பிறருக்குரிய ஒரு கடனையேனும் நிறைவேற்றுங்கள். மணமும் சுவையும் ஒருங்கே அமைந்த அடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.