காதால் பார்க்கும் கருவி
(இலக்கிய வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மருத்துவரின் கழுத்தில் தொங்கும் ஸ்டெதாஸ்கோப்பை நாம் எல்லோரும் அறிவோம். அதன் பெயரை அறிவோமா என்பதே இன்று நான் எழுப்பும் வினா.

1816ஆம் ஆண்டு, பாரிசு நகரத்து நெக்கர் மருத்துவமனையில் ரெனே லென்னெக் என்னும் மருத்துவர், இதயநோய்க் குறிகள் கொண்ட இளம்பெண் ஒருத்தியைச் சோதிக்க வேண்டியிருந்தது. உடல் பருத்திருந்தமையால் விரலால் தட்டி அறிய இயலவில்லை. மார்பில் காது வைத்துக் கேட்பதோ முறையன்று எனத் தயங்கினார். தாளை இறுகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். நேரே காது வைத்துக் கேட்பதைவிட இதய ஒலி தெளிவாகக் கேட்டது. பின்னர் அதனை மரத்தால் செய்தார். முதலில் ‘உருளை’ என்றே வழங்கினார். பிறகு கிரேக்கச் சொற்களைக் கொண்டு பெயரிட்டார். ‘ஸ்டெதோஸ்’ என்றால் மார்பு. ‘ஸ்கோபெய்ன்’ என்றால் நோக்குதல், ஆராய்தல்.

கேட்கும் கருவிக்கு ‘நோக்கும்’ பெயரா? பிழை என்று தோன்றலாம். ஆனால் தமிழர் இதனைப் பிழையென்று சொல்ல இயலாது. விரலால் தொட்டு நாடி ‘பார்க்கிறோம்’. நாவால் சுவை ‘பார்க்கிறோம்’. காதால் கேட்டும் ‘பார்க்கிறோம்’. நம் மொழியில் பார்த்தல் கண்ணோடு நிற்பதன்று. அறிய முற்படும் செயல் எல்லாம் பார்த்தலே. லென்னெக்கும் உயிருள்ள மார்பில் கேட்ட ஒலிகளை, இறந்தபின் உடலைத் திறந்து கண்டவற்றோடு ஒப்பிட்டே 1819இல் தம் நூலை வெளியிட்டார். திறவாத மார்பின் உள்ளே காதால் பார்த்தவர் அவர்.

நம்மிடையே ‘இதயத்துடிப்புமானி’ என்று எழுதுவோர் உளர். ‘மானி’ அளப்பது, வெப்பமானி வெப்பத்தை அளக்கிறது. இக்கருவியோ எதனையும் அளந்து எண்ணாகக் காட்டுவதில்லை. மேலும் இதயம் மட்டுமா அதன் எல்லை? நுரையீரலின் ஒலிகளையும் லென்னெக் விரிவாக வகைப்படுத்தினார். காசநோயை அக்கருவியால் ஆராய்ந்த அவரே 1826இல் அந்நோயால் மாண்டார். நுரையீரலை விட்டுவிடும் பெயர், அவர் உழைப்பின் பெரும்பகுதியை விட்டுவிடும் பெயராகும். ‘மார்பாய்வி’ போன்ற சொல்லே மூலத்தின் கருத்தோடு நெருங்கி நிற்கிறது. ‘ஆய்தல்’ என்பதில் கண்ணும் அடங்கும்; செவியும் அடங்கும்.

கலைச்சொல் ஆக்குவது அறிஞர் பணி மட்டுமன்று. சொல்லின் நெஞ்சொலியை நாளும் கேட்பவர் கவிஞர். ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒரு பொருளுக்குப் பெயர் வைக்குமுன் அதன் மீது செவி வையுங்கள். அது என்ன செய்கிறது என்பதைக் கேட்டுப் பாருங்கள். பெயர் தானே பிறக்கும்.